ஐந்து கிலோவில் ஒரு தக்காளி!



காய்கறிக் கடையில் ஒரு கிலோ தக்காளி வாங்கினால் எத்தனை பழங்கள் நிற்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நாட்டுத் தக்காளியாயின் பதினைந்துக்கு மேல் இருக்கும். பெங்களூர்த் தக்காளியாயின் பத்துப் பன்னிரண்டு இருக்கலாம். ஒரே ஒரு பழம் 5 கிலோ 284 கிராம் எடையுடன் உங்கள் முன் வைக்கப்பட்டால் என்ன சொல்வீர்கள்? அதை ஒரு கையால் தூக்க இயலாது. இரண்டு மாதக் குழந்தையை ஏந்துவது போல இரு கைகளாலும் ஏந்தித்தான் எடுக்க வேண்டும்.

இது கட்டுக்கதை அன்று. 2022 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பஃபலோ என்னும் சிற்றூரில், டெல் ஃபஸ்ட், ஜூலி ஃபஸ்ட் என்ற தம்பதியர் இத்தகைய கனியொன்றை விளைவித்துத் தராசில் ஏற்றினர். கின்னஸ் சாதனை நூலும் அதனை ஏற்றுப் பதிவு செய்தது.

பெரிய தக்காளி வளர்ப்பதை ஒரு போட்டியாகவும் பொழுதுபோக்காகவும் கொண்ட மனிதர்கள் அந்த நாட்டில் பலர் உள்ளனர். அவர்களுடைய ஊர்கள் சிலவற்றுக்கு உங்களை இந்தக் கட்டுரையில் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கடவுச்சீட்டு வேண்டா, விமானச் செலவும் வேண்டா. பிள்ளைகளின் நிலப்பட நூலை எடுத்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் உள்ள பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டால் போதும்.

புறப்படும் முன் ஒரு கணக்கைச் சொல்லி விடுகிறேன். 1986 முதல் 2014 வரை 28 ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய தக்காளியின் எடை ஏறத்தாழ 300 கிராம் மட்டுமே கூடியது. அதற்கடுத்த 8 ஆண்டுகளிலோ ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. மண் அதே மண். வெயில் அதே வெயில். பின் எது மாறியது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே என்னுடன் வாருங்கள்.

பிறந்த வீடு

அமெரிக்கப் பக்கத்தைத் திறக்கும் முன், தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒரு கணம் பாருங்கள். பெரு, ஈக்குவடோர் ஆகிய நாடுகளே தக்காளிக் குடும்பத்தின் தாயகம். அங்கே அதன் காட்டு இனம் இன்றும் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. அதன் கனியைக் கண்டால் தக்காளி என்று எவரும் சொல்லமாட்டார்கள். நம் மணத்தக்காளிப் பழத்தைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். எடை ஓரிரு கிராம். குறுக்கே அரிந்து பார்த்தால் உள்ளே இரண்டே அறைகள்.

இந்தச் சிறு கனி வடக்கே மெக்சிகோவை அடைந்து, அங்கே உழவர்களின் கையில் வளர்ந்தது. 'டொமாட்டோ' என்னும் சொல்லே அந்நாட்டு நாவாட்டில் மொழியின் 'தொமாட்ல்' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். போர்த்துக்கீசியர் வழியாக அது நம் நாட்டுக்கும் வந்தது என்பர்.

ஓரிரு கிராம் எடையுள்ள கனி எவ்வாறு கைநிறையும் கனியாயிற்று? ஆண்டுதோறும் பெரிய பழத்தின் விதையை எடுத்து வைத்து, அதையே மறு ஆண்டு விதைத்த உழவர்களின் பொறுமையே காரணம். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர்கள் தக்காளியின் பருமனை ஆளும் மரபணு ஒன்றை இனங்கண்டு பிரித்தெடுத்தனர். பழத்தின் உள்ளறைகளைப் பெருக்கும் வேறு மரபணுக்களும் உள்ளன. இரண்டு அறைகள் எட்டாகவும் பத்தாகவும் பெருகும்போது பழம் பருக்கிறது. இந்த மரபணுக்களின் பெயரையே அறியாத மக்கள், பழத்தின் பருமனை மட்டும் கண்டு, விதையின் வழியாக அவற்றைச் சேர்த்துத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எட்மண்ட்: 1986

இனி அமெரிக்கப் படத்தின் நடுப்பகுதிக்கு வாருங்கள். டெக்சாஸ் மாநிலத்துக்கு நேர் வடக்கே ஓக்லஹோமா மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரான ஓக்லஹோமா சிட்டியை ஒட்டி வடக்கே இருப்பது எட்மண்ட்.

இந்த நிலத்தின் வரலாறு விந்தையானது. பூர்வகுடி மக்களின் கையிலிருந்து பெறப்பட்ட பெருநிலத்தை அரசு 1889 ஏப்ரல் 22 அன்று நண்பகலில் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. எல்லைக்கோட்டில் காத்து நின்ற மக்கள் குதிரைகளிலும் வண்டிகளிலும் பாய்ந்தோடினர். முதலில் போய்க் கொம்பு நட்டவருக்கு நிலம். அந்த ஓட்டத்தில் எழுந்த ஊர்களுள் எட்மண்டும் ஒன்று. பிற்காலத்தில் புகழ்பெற்ற 66 ஆம் எண் நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியாகவே சென்றது.

இங்குக் காற்று மிகுதி. கோடை வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதுமையன்று. இந்த ஊரில்தான் 1986 ஆம் ஆண்டில் கார்டன் கிரஹாம் என்பவர் 3 கிலோ 510 கிராம் எடையுள்ள தக்காளியை விளைவித்தார். அதற்கு முன், 1976 இல், விஸ்கான்சின் மாநிலத்தின் மொனோனா நகரில் கிளாரன்ஸ் டெய்லி என்பவர் விளைவித்த 2 கிலோ 950 கிராம் பழமே உலகின் பெரிய தக்காளியாகப் பேசப்பட்டு வந்தது.

கிரஹாம் விதைத்தது 'டெலிஷஸ்' என்னும் ரகம். பர்ப்பீ என்ற பழம்பெரும் விதை நிறுவனம் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கி, 1964 இல் வெளியிட்ட ரகம் அது. கடையில் எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடிய விதையே. அதே விதையை அந்நாட்டில் எத்தனையோ பேர் ஆண்டுதோறும் விதைத்தார்கள். எனினும் கிரஹாமின் எடையை ஒருவராலும் எட்ட இயலவில்லை. ஒரு பிள்ளை பிறந்து, படித்து, மணமுடித்து, பெற்றோராகும் காலம் வரை அந்தச் சாதனை அசையாமல் நின்றது.

லாங் பிராஞ்ச்: ஒரு பெண்மணியின் தோட்டம்

இப்போது கிழக்கே அட்லாண்டிக் கடற்கரைக்கு வாருங்கள். நியூயார்க் நகரத்துக்குத் தெற்கே, நியூ ஜெர்சி மாநிலக் கரையில் லாங் பிராஞ்ச் என்னும் நகரம் உள்ளது. அம்மாநிலத்துக்குத் 'தோட்ட மாநிலம்' என்பது பட்டப்பெயர். தக்காளி அதன் பெருமைகளுள் ஒன்று. யார் தோட்டத்துப் பழம் பெரியது என்று நிறுத்துப் பார்க்கும் போட்டி அங்கே பல்லாண்டுகள் நடைபெற்றது.

அப்போட்டியில் பெயர் பெற்றவர் மின்னி ஸக்காரியா என்ற பெண்மணி. அவர் பழைய ரகங்கள் இரண்டைத் தம் தோட்டத்தில் கலந்து புதிய ரகம் ஒன்றை உருவாக்கினார். அவருடைய குடும்பப் பெயரின் சுருக்கமே அதற்குப் பெயராயிற்று: 'பிக் ஸாக்'. ஆய்வுக்கூடமோ பட்டம் பெற்ற உதவியாளரோ இன்றி, வீட்டுத் தோட்டத்தில் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவில் தடவி, விளைந்ததைப் பொறுமையுடன் தேர்ந்து பெற்ற ரகம் இது.

அவர் அந்த விதையைத் தம் வேலிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. அது விதைப் பட்டியல்களில் இடம்பெற்று நாடெங்கும் பரவியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கான விடையின் முதல் நுனி இங்கேதான் இருக்கிறது.

ஈலி: சாலை முடியும் ஊர்

இனி வடக்கே, கனடா நாட்டு எல்லையை நோக்கி விரலை நகர்த்துங்கள். சுப்பீரியர் என்னும் மாபெரும் ஏரியின் மேற்கு முனையில் துலூத் நகரம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 175 கிலோமீட்டர் சென்றால் ஈலி என்னும் சிற்றூர் வரும். மக்கள்தொகை நாலாயிரத்தைக்கூட எட்டாது. அதற்கப்பால் ஊர்கள் மிக அரிது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும்தாம். அரசு அப்பகுதியைக் காப்புக்காடாக அறிவித்துள்ளது. பெரும்பகுதியில் மோட்டார்ப் படகுக்கும் அனுமதியில்லை. துடுப்புப் படகிலேயே செல்ல வேண்டும். இரு ஏரிகளுக்கிடையே படகைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும்.

இந்த ஊர் இரும்பால் எழுந்த ஊர். 1880-களின் இறுதியில் இங்கே சுரங்கங்கள் திறக்கப்பட்டன. பின்லாந்திலிருந்தும் சுலோவேனியாவிலிருந்தும் கூலி தேடி மக்கள் வந்தனர். மண்ணுக்கடியில் இறங்கித் தாது வெட்டினர். கடைசிச் சுரங்கமான 'பயனியர்' 1967 இல் மூடப்பட்டது. சுரங்கம் சரிந்து பள்ளமான இடத்தில் இப்போது தண்ணீர் நிறைந்து ஏரியாகி நிற்கிறது. 'சுரங்கத் தொழிலாளர் ஏரி' என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

குளிரைப் பற்றிக் கேட்கிறீர்களா? ஈலிக்குத் தென்மேற்கே அண்மையில் இருக்கும் டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 51 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. மினசோட்டா மாநிலத்தில் பதிவான மிகக் கடுங்குளிர் அதுவே. ஈலியில் மே மாத இறுதியிலும் உறைபனி விழக்கூடும்; செப்டம்பரில் அது மீண்டும் வந்து நிற்கும். தக்காளியோ உறைபனி பட்டால் ஓர் இரவில் கருகிவிடும் செடி. அந்த ஊர்க்காரருக்கு இடையில் கிடைப்பவை மூன்று மாதங்களே.

வெயில் கொளுத்தும் ஓக்லஹோமாவின் சாதனை 28 ஆண்டுகள் கழித்து முறியடிக்கப்பட்டது இந்த ஊரில்தான்! 2014 ஆகஸ்டில் ஈலியைச் சேர்ந்த டான் மக்காய் என்பவரின் தக்காளி 3 கிலோ 810 கிராம் நிறுத்தது. அவர் விதைத்த ரகம் எது தெரியுமா? லாங் பிராஞ்ச் பெண்மணியின் 'பிக் ஸாக்'.

குறையெனத் தள்ளிய பூ

குளிர்நாட்டில் இது எவ்வாறு கைகூடியது என்று நீங்கள் வியக்கலாம். அதற்குத் தக்காளிப் பூவைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

சாதாரணத் தக்காளிப் பூவில் ஐந்தாறு இதழ்கள் இருக்கும். நடுவே ஒரு சூலகம். ஆனால் பெரும்பழ ரகங்களில், முதன்முதலாக வரும் பூங்கொத்துகளில், சிலவேளை ஒரு விந்தை நிகழும். பல பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்து ஒரே பெரும் பூவாக விரியும். இதழ்கள் இருபதும் முப்பதுமாகச் சூரியகாந்தியைப் போல அடர்ந்து நிற்கும். நடுவே பல சூலகங்கள் ஒரு சுவரைப் போல இணைந்திருக்கும். இதனைப் போட்டியாளர்கள் 'மெகாபுளூம்' என்பர். நாம் 'பெரும்பூ' என்போம். இந்தப் பெரும்பூ காய்க்கும்போது பல பழங்கள் ஒரே பழமாகத் திரண்டு பருக்கின்றன.

பூவரும்பு உருவாகும் நாள்களில் குளிர் தாக்கினால் பழத்தின் உள்ளறைகள் பெருகுவதும் பூக்கள் ஒட்டிப் பிறப்பதும் மிகுதியாகும். வாணிகத்துக்குப் பயிரிடுவோர் இதனை நோய் போலவே கருதுவர். கோணலும் தழும்புமாக விளையும் அப்பழத்தைக் கடைக்காரர் வாங்கமாட்டார். மறுபுறம், இரவிலும் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத இடங்களில் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். ஆகவே வெயில் நாடு எல்லாம் தக்காளிக்கு நட்பும் அன்று. குளிர்நாடு எல்லாம் பகையும் அன்று. சந்தை குறையென்று ஒதுக்கிய பூவே இவர்களுக்குக் கிடைத்தற்கரிய செல்வமாயிற்று.

ஒரு பழத்துக்காக ஒரு செடி

இவர்களுடைய ஓர் ஆண்டு எவ்வாறு கழிகிறது என்று பார்ப்போம்.

வெளியே பனி மூடிக் கிடக்கும்போதே வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் விதை முளைக்க வைக்கிறார்கள். உறைபனிக் காலம் தாண்டியதும், மட்கு உரமிட்டு ஆழக் கொத்திய மண்ணில், செடிக்குச் செடி ஓராள் படுக்கும் இடைவெளி விட்டு நடுகிறார்கள். சிலர் பசுமைக் குடிலுக்குள்ளேயே வளர்ப்பதும் உண்டு. இலைக்கணுவில் எழும் பக்கக் கிளைகளை அவ்வப்போது கிள்ளி, ஒன்றிரண்டு தண்டுகளை மட்டும் ஓங்க விடுகிறார்கள். பின்னர்க் காலையும் மாலையும் பெரும்பூ வந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

அது வந்துவிட்டால் அடுத்த கவலை மகரந்தம். தக்காளிப் பூவின் மகரந்தம் சிறு துளைகளுக்குள் அடைபட்டிருப்பது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும் பருத்த காட்டுத்தேனீக்கள்தாம் அதை உதிர்க்க வல்லவை. சாதாரணத் தேனீயால் இயலாது. பெரும்பூவிலோ சூல்முடிகள் பல. ஒவ்வொன்றிலும் மகரந்தம் படாவிட்டால் பழம் ஒருபுறம் பருத்து மறுபுறம் சூம்பிவிடும். ஆகவே மின்சாரத்தில் அதிரும் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பூவின் காம்பில் மெல்லத் தொட்டு, தேனீயின் வேலையைத் தாங்களே செய்கிறார்கள்.

பிஞ்சு நிலைத்ததும்தான் கடினமான செயல் வருகிறது. அச்செடியில் உள்ள மற்றப் பிஞ்சுகளையும் பூக்களையும் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். வேர் உறிஞ்சும் நீரும் இலை சமைக்கும் உணவும் அந்த ஒரே பிஞ்சுக்குச் சேர வேண்டும். பல கிலோ தந்திருக்கக்கூடிய செடி, இனி ஒன்றே ஒன்றுக்காக உயிர் வாழும்.

அந்த ஒன்றும் நிலைக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. எடை கூடக் கூடக் காம்பு வளைந்து முறியலாம். அதனால் வலைத்துணியால் தூளி கட்டி, குழந்தையைக் கிடத்துவது போலப் பழத்தை அதில் தாங்க வைக்கிறார்கள். உச்சி வெயிலில் தோல் வெந்துவிடாமல் நிழல்துணி கட்டுகிறார்கள். நீர் குறைந்தால் பழத்தின் அடி கறுத்து அழுகும். வறண்டிருந்த மண்ணில் திடீரென்று பெருமழை கொட்டினால், உள்ளே நீர் பாய்ந்து தோல் தாங்காமல் வெடித்துவிடும். வெடிப்பு ஆழமாகி அழுகல் கண்டால் போட்டியில் அதற்கு இடமில்லை. பிஞ்சு பிடித்ததிலிருந்து பழுக்கும் வரை ஏறத்தாழ ஐம்பது, அறுபது நாள்கள். ஒரு நள்ளிரவு மழை போதும், அந்த ஆண்டின் உழைப்பு முழுவதும் வீணாவதற்கு. வேறு பழம் செடியில் இல்லையே! எல்லாவற்றையும் தாமே கிள்ளி எறிந்துவிட்டார்களே!

தப்பிப் பிழைத்த பழம் முத்திரையிட்ட தராசுக்கு, சாட்சிகளின் முன்னிலையில் வருகிறது. அது அழகாயிருக்காது. சுருங்கி, மடிந்து, பல தலைகள் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். அழகுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது, சுவைக்கும் கிடையாது. தராசின் எண் ஒன்றே பேசும்.

தராசுக்குப் பின்

வாசகர்களே! தராசிலிருந்து இறங்கிய பழம் என்னவாகிறது என்று எண்ணுகிறீர்கள்? அதைப் பதப்படுத்திக் காட்சியில் வைக்க இயலாது. பொன்னோ வெள்ளியோ என்றால் பேழையில் வைக்கலாம். தக்காளி சில நாள்களில் குழைந்துவிடும். எனவே படம் எடுத்த பின், வெற்றி பெற்றவரே கத்தியை எடுத்து அதனை அரிகிறார். உள்ளிருக்கும் விதைகளைக் கவனமாகச் சேர்க்கிறார்.

அந்த விதைகளைத்தான் அவர்கள் பிறருக்கு அனுப்புகிறார்கள். யாருக்கு? அடுத்த ஆண்டு தம்மைத் தோற்கடிக்க முயலும் அதே போட்டியாளர்களுக்கு! சிறு உறைகளில் சில விதைகளை இட்டு, தபாலில் ஊர் ஊராக அனுப்புவதும், பதிலுக்கு அவர்களுடைய விதைகளைப் பெறுவதும் இவர்களிடையே வழக்கமாகிவிட்டது. உறையின் மேல் தாய்ப்பழத்தின் எடையும் விளைவித்தவரின் பெயரும் எழுதப்படுகின்றன. எங்கள் மத்ரசாக்களில் ஓதி முடித்தவருக்கு வழங்கும் ஸனதில், ஆசிரியர், அவருடைய ஆசிரியர் என்று பெயர்கள் தொடர்ந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோல இந்த விதைகளுக்கும் இன்னாரின் தோட்டத்திலிருந்து இன்னாருக்கு வந்தது என்னும் வழிமுறை உண்டு.

நம் கேள்விக்கு இப்போது விடை கிடைக்கிறது. தொடக்க காலத்தில் ஒவ்வொருவரும் கடையில் வாங்கிய விதையோடு தனித்தனியே போராடினர். பெரும்பூவைப் பற்றித் தற்செயலாகக் கண்டவர் சிலரே. கண்டவரும் தம்மோடு வைத்துக்கொண்டனர். 28 ஆண்டுகளில் 300 கிராம் கூடியது. பின்னர் விதையும் அனுபவமும் கைமாறத் தொடங்கின. ஒருவர் பத்தாண்டில் கற்றதை மற்றவர் ஒரே பருவத்தில் பெற்றார். ஒவ்வொருவரும் பிறர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினர்.

நிலப்படத்தில் மேற்கே, வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலைக்கு வாருங்கள். கோதுமைக்கும் இனிப்பு வெங்காயத்துக்கும் பெயர்போன வாலா வாலா என்னும் நகரம் அங்குள்ளது. 'பல நீர்கள்' என்பது அப்பெயரின் பொருளாம். 2020 ஆம் ஆண்டில் டான் சதர்லாந்து என்பவர் அங்கே 4 கிலோ 896 கிராம் எடையுள்ள தக்காளியை விளைவித்தார். இரண்டே ஆண்டுகளில், நாம் தொடக்கத்தில் கண்ட பஃபலோ நகரத் தம்பதியர் 5 கிலோ 284 கிராமை எட்டினர். மக்காயின் பழத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் கூடியது 1 கிலோ 474 கிராம். விதையை மறைத்து வைத்த காலத்தில் தராசு நகரவில்லை. கொடுக்கத் தொடங்கியதும் நகர்ந்தது. உரமும் பசுமைக் குடிலும் துணை செய்திருக்கலாம். எனினும் அவை முன்பும் இருந்தன என்பதை மறக்கலாகாது.

இதனால் யாருக்கு என்ன பயன்?

நிற்க. இது வீண் விரயம் அல்லவா என்று குடும்பத் தலைவி ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரு செடியின் காய்களையெல்லாம் கிள்ளி எறிந்து ஒன்றை மட்டும் வளர்ப்பது அடுப்படிக் கணக்குக்கு ஒத்து வராது. அந்தக் கணக்கில் வேறு சாதனைகள் இருக்கின்றன. புளோரிடா மாநிலத்தின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில் கொடிப்பந்தல் போலப் படர விடப்பட்ட ஒரே தக்காளிச் செடி 2005 மே முதல் 2006 ஏப்ரல் வரை 32,194 பழங்களைத் தந்தது. மொத்த எடை 522 கிலோவுக்கு மேல். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் டக்ளஸ் ஸ்மித் என்பவர் 2021 இல் ஒரே காம்பில் 1,269 சிறு தக்காளிகளைக் காய்க்க வைத்தார்.

ஆயினும் ஈலியிலும் எட்மண்டிலும் நடந்தது சமையலுக்கான வேளாண்மை அன்று. மனிதன் தன் கவனத்தை ஓர் உயிரின் மீது எவ்வளவு தூரம் செலுத்த இயலும் என்று பார்க்கும் முயற்சி அது. காலையில் எழுந்ததும் ஒரு செடியின் அருகே சென்று, இலை வாடியிருக்கிறதா, காம்பு தாங்குகிறதா, தோல் விரிகிறதா என்று உற்று நோக்கும் பழக்கம் மனத்துக்கு நல்லதே. மண்ணை உண்டாக்கவும் நீரை அளந்து விடவும் நோயை இலையிலேயே கண்டுகொள்ளவும் ஒரே பழத்தில் கற்றுக்கொண்டவர், நூறு செடிகளையும் காக்க வல்லவர் ஆகிறார். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஐந்து கிலோ தக்காளி தேவையில்லை. மொட்டை மாடியில் ஒரு தொட்டி போதும்.

விரும்புவோர் இவ்வாறு செய்து பார்க்கலாம். உங்கள் செடியில் முதலில் வரும், நோயற்ற, நன்கு பருத்த பழம் ஒன்றைப் பறிக்காமல் முழுவதும் பழுக்க விடுங்கள். அதை அரிந்து விதைகளை அவற்றின் வழுவழுப்போடு ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு, சிறிது நீர் சேர்த்து, இரண்டு நாள்கள் நிழலில் வையுங்கள். மேலே நுரை கட்டும், அஞ்ச வேண்டா. விதையைச் சுற்றியுள்ள பசை கரைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். நீரை ஊற்றி அலசினால் பதர் மேலே மிதக்கும். நல்ல விதை அடியில் தங்கும். அதைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாயின் மறுமுறை தாயைப் போலவே விளையாது; நாட்டு ரகமாயின் விளையும். ஈரம் படாமல் வைத்தால் நான்கைந்து ஆண்டுகள் முளைக்கும் ஆற்றல் கெடாது.

உலர்ந்த விதையைக் காகித உறையில் இட்டு, மேலே ரகத்தின் பெயர், பழத்தின் எடை, எந்த ஆண்டு, யார் வீட்டுச் செடி என்பதை எழுதுங்கள். பாதியை உங்களுக்கு வைத்துக்கொண்டு மறுபாதியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டுப் பழம் உங்கள் வீட்டுப் பழத்தைவிடப் பெரிதாக விளைந்தால் மனம் நோகாமல் சென்று பாருங்கள். வரும்போது அதன் விதையில் நான்கைந்து கேட்டு வாங்கி வரவும் மறவாதீர்கள்.